நிக்கலும் கரியும்

நிக்கலில் கரி பிடிக்கும் என்பது அதை வினையூக்கியாகத் தொட்ட முதல் நாளிலேயே தெரிந்துபோன சங்கதி. 1896இல் பாரிஸில் ஆன்ரி மொய்சானும் சார்ல் மூரேவும் அப்போதுதான் ஒடுக்கித் தூளாக்கிய நிக்கலின் மேல் அசெட்டிலீன் வாயுவை விட்டுப் பார்த்தார்கள். நிக்கல் பழுத்துச் சிவந்தது. குழாய் முழுக்கக் கரி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று இருவரும் விட்டுவிட்டார்கள். துலூஸ் நகரத்துப் பேராசிரியர் பால் சபாத்தியே விடவில்லை. மொய்சான் அதைத் தொடரப்போவதில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு சாந்தெரான் என்ற பாதிரியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அசெட்டிலீனுக்குப் பதில் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் அதே நிக்கல் மேல் செலுத்தினார். ஈத்தேன் வந்தது. 1902இல் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீத்தேன் ஆக்கினார்கள். பத்து வருஷத்தில் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு.

நான் வேலை பார்த்தது நாப்தாவில் ஓடிய ஓர் அம்மோனியா ஆலையில், ரீஃபார்மர் பிரிவில். சபாத்தியே செய்ததைத் தலைகீழாகச் செய்வதுதான் ரீஃபார்மர். மீத்தேனையும் நீராவியையும் எண்ணூறு டிகிரிச் சூட்டில் நிக்கலின் மேல் விட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். தொகுப்பு வாயு என்பது அதுதான். அம்மோனியா, மெத்தனால் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. ஒரு மோல் மீத்தேனுக்கு 206 கிலோஜூல் வெப்பம் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் அத்தனை பெரிய உலை, அத்தனை பர்னர். வேடிக்கை என்னவென்றால், அதே ஆலையின் பின்கோடியில் மெத்தனேட்டர் என்று ஒரு கலம் நிற்கும். மிச்சம் மீதி கார்பன் மோனாக்சைடை முந்நூறு டிகிரியில் மறுபடியும் மீத்தேன் ஆக்குவது அதன் வேலை. அதற்குள்ளும் நிக்கல்தான். முன்வாசலில் பிரிக்கிறது, கொல்லையில் சேர்க்கிறது. சூடுதான் வித்தியாசம்.

சபாத்தியேவுக்கு நிக்கல் மேல் கண் விழுந்ததற்கு இன்னொருவர் காரணம். இங்கிலாந்தில் வின்னிங்டனில் லுட்விக் மாண்ட் சோடா ஆலை நடத்திக்கொண்டிருந்தார். அங்கே அம்மோனியம் குளோரைடு ஆவியை அடக்க வைத்த நிக்கல் வால்வுகள் கரி படிந்து கெட்டுக்கொண்டே இருந்தன. ஆலைக்கு வந்த கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் மோனாக்சைடு கலந்திருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கார்ல் லாங்கரும் குவிங்கேயும் இதைத் துருவிக்கொண்டு போக, 1890இல் நிக்கல் கார்போனைல் வெளிப்பட்டது. 43 டிகிரியில் கொதிக்கும் ஒரு திரவம். உள்ளே கெட்டியான உலோகம். சூடாக்கினால் நிக்கல் கண்ணாடிபோலப் பளபளவென்று படியும். நிக்கலைச் சுத்தப்படுத்த அதைவிட நல்ல வழி அப்போது இல்லை. வேல்ஸில் கிளைடாக் என்ற ஊரில் மாண்ட் எழுப்பிய சுத்திகரிப்பு ஆலை அதை வைத்தே பிழைத்தது.

மாண்டுக்குப் பணமாக வந்தது எங்களுக்கு எமனாக வந்தது. ஷட்டவுனில் மெத்தனேட்டர் குளிரும்போது, சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன் உள்ளே கார்பன் மோனாக்சைடு துளியும் இருக்கக் கூடாது. நைட்ரஜன் விட்டு அலசித் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாண்டின் வாயு உள்ளேயே உருவாகிவிடும். நுகர்ந்தவன் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போய்விடுவான். சில நாளில் நுரையீரல் நின்றுவிடும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை மட்டும் நான் வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டச் சொல்வேன்.

மீத்தேனை நீராவியோடு நிக்கலில் விடும் யோசனைக்குக் காப்புரிமை வந்தது 1912இல், ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் கம்பெனியின் மிட்டாஷ், ஷ்னைடர் பெயரில். இந்த ஆல்வின் மிட்டாஷ்தான் அம்மோனியா வினையூக்கிக்காக ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துத் தள்ளியவர். வெறும் நிக்கல் தூள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதைச் சூடு தாங்கும் மண் வகை ஒன்றின் மேல் தூவிவைத்தால் தனித்தனியாக நிற்கும் என்பது அந்தக் காப்புரிமையின் சாரம். அன்றைக்குக் காகிதத்தில் இருந்ததைக் குழாயில் ஓட்ட இன்னும் பதினெட்டு வருஷம் ஆயிற்று. வேதியியல் தெரிந்திருந்தது, அந்தச் சூட்டைத் தாங்கும் உருக்குக் குழாய் இல்லை. 1930இல் அமெரிக்காவில் பேடன் ரூஜில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி முதல் ரீஃபார்மரை ஓட்டியது. 1936இல் இங்கிலாந்தில் பில்லிங்ஹாமில் ஐசிஐ கம்பெனி. அமெரிக்காவுக்குக் காலடியில் இயற்கை வாயு. அவர்களுக்கு இதில் பெரிய தலைவலி இல்லை.

தலைவலி வாயு இல்லாத நாடுகளுக்கு. கடலடி வாயு கிடைப்பதற்கு முன்பு பிரிட்டனிடம் இருந்தது நிலக்கரியும், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் நாப்தாவும். நாப்தா மலிவு. ஆனால் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐந்து, ஆறு, ஏழு கார்பன். மீத்தேனே நிக்கலில் கரி படிய வைக்கும்போது நாப்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சில மணி நேரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். 1962இல் ஐசிஐ ஹீஷமில் நாப்தாவை அழுத்தத்தில் ஓட்டிக் காட்டியது. அதற்குள் இருந்த வினையூக்கிக்கு 46-1 என்று எண். என் தலைமுறை ரீஃபார்மர்காரர்களுக்கு அது எண் இல்லை, பெயர்.

அதில் என்ன செய்தார்கள் என்றால், பொட்டாஷ் சேர்த்தார்கள். நிக்கலின் மேல் பொட்டாஷ் இருந்தால் ஹைட்ரோகார்பன் உடைவது மட்டுப்படும். நீராவி வந்து ஒட்டுவது கூடும். உட்காரப் பார்க்கும் கரியை நீராவி உடனே தின்றுவிடும். ஆனால் பொட்டாஷ் சும்மா தடவினால் நீராவியோடு நாலு நாளில் போய்விடும். அதற்கு அவர்கள் கண்ட வழியை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். பொட்டாசியம் அலுமினியம் சிலிக்கேட் என்ற தாதுவாக அதைப் பூட்டி, வினையூக்கி வளையத்தின் உடம்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உள்ளே ஓடும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கும். வெளியே வரும் பொட்டாஷ் நிக்கலின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். தினமும் செலவாகும், தினமும் வரும். வருஷக்கணக்கில் வரும். குழாயின் மேல்பாதியில், நாப்தா இன்னும் உடையாமல் இருக்கும் இடத்தில், இந்த 46-1. கீழ்ப்பாதியில் மீத்தேன் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்பதால் அங்கே பொட்டாஷ் இல்லாத 46-4.

இதற்கு விலை உண்டு. பொட்டாஷ் ஏறிய நிக்கல் மந்தம். அதே அளவு வாயு தயாரிக்க அதிகச் சூடு வேண்டும். பறந்துபோகும் பொட்டாஷ் கீழே கழிவுவெப்ப பாய்லரின் குழாய்களில் வெள்ளையாகப் படியும். ஒவ்வொரு ஷட்டவுனிலும் அதைக் கழுவ வேண்டும். இந்தத் தொழிலில் நிக்கலுக்குச் செய்த பெரிய சீர்திருத்தம் ஒவ்வொன்றும் இப்படி அதன் வேகத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் 'செயல்திறன் உயர்ந்தது' என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆலை ஓட்டுகிறவனுக்கு வேண்டியது திறன் குறைந்தாலும் பரவாயில்லை, ஐந்து வருஷம் கரி பிடிக்காமல் கிடக்கும் நிக்கல்.

நம் நாட்டுக்கு நாப்தா வந்த கதையும் சுவையானது. 1947இல் கேரளத்தில் ஆலுவா அருகே ஃபாக்ட் ஆலை உரம் செய்யத் தொடங்கியபோது ஹைட்ரஜனுக்கு எரித்தது விறகை. காட்டு மரத்தை வாயுவாக்கி அம்மோனியா! 1951இல் சிந்திரி உர ஆலை வந்தது; அங்கே கல்கரி. 1960களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. பிறகுதான் சுத்திகரிப்பு ஆலைகள் எழும்ப எழும்ப நாப்தா. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. அதன் நாப்தாவை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971இல் உற்பத்தியில் இறங்கியது. 1975இல் தூத்துக்குடியில் ஸ்பிக். சிந்திரியில் உரக் கழகத்தின் திட்ட, வளர்ச்சிப் பிரிவு உள்நாட்டிலேயே ரீஃபார்மிங் வினையூக்கி செய்யக் கற்றுக்கொண்டது. அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்த காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அதைச் சொல்பவர்கள் குறைவு என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

இனி, குழாய்க்குள் அந்த வளையங்கள் போய்ச் சேரும் விதத்தைச் சொல்கிறேன். இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு பத்திக்கு மேல் இருக்காது.

ரீஃபார்மர் குழாய் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம். உள்விட்டம் ஏறக்குறைய நாலங்குலம். அப்படிச் சில நூறு குழாய்கள் வரிசை வரிசையாகத் தொங்கும். வளையம் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு, நடுவில் ஓட்டை. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மேலிருந்து கொட்டினால் கீழே போய்ச் சேர்வதற்குள் பாதி உடைந்து தூளாகிவிடும். அதனால் சாக்ஸ். நீளமான துணிப் பை. வளையங்களை நிரப்பி, அடிவாயை மடித்து, கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் இறக்குவோம். அடி தட்டியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மடிப்பு அவிழும். பையை மெல்ல மேலே இழுக்க இழுக்க வளையங்கள் கீழே நழுவி உட்காரும். ஒரு குழாய்க்கு இப்படிப் பல பை. ஒவ்வொரு பைக்கும் பிறகு குழாயை அதிர வைத்து, டேப் விட்டு ஆழம் பார்த்து, சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். எங்களுக்குக் காண்ட்ராக்டில் வந்த ஆட்களில் கயிற்று வேலைக்கென்றே சிலர் இருந்தார்கள். காசிமேட்டில் வலை இழுத்த கைகள். அடி தட்டுவது அவர்களுக்குக் கயிற்றிலேயே தெரிந்துவிடும். பொறியாளர்களுக்குத் தெரியாது. மூக்கில் முகமூடி கட்டச் சொன்னால் புழுக்கத்தில் கழற்றிவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். நிக்கல் தூசு புற்றுநோய் தரக்கூடியது என்று அவர்களுக்கு யாரும் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை.

எல்லாம் நிரப்பியபின் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரே அளவு காற்றை விட்டு அழுத்த வித்தியாசம் பார்ப்போம். சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. குறைந்தால் எங்கோ வளையங்கள் பாலம் கட்டிக்கொண்டு வெற்றிடம் விட்டிருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. விடியற்காலை நாலு மணிக்கு இந்தச் செய்தியை மேலே நிற்கிற ஆட்களிடம் சொல்லும் வேலை ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு.

உலை ஓடத் தொடங்கிய பிறகு வினையூக்கியை யாரும் பார்க்க முடியாது. குழாயைத்தான் பார்க்கலாம். உலைச் சுவரில் சிறு மூடி வைத்த பார்வைத் துளைகள் உண்டு. நீலக் கண்ணாடி பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தால் முகம் பொசுங்கும். உள்ளே குழாய்கள் மங்கிய சிவப்பில் நிற்கும். நல்ல குழாய் மேலிருந்து கீழே ஒரே சீரான நிறம். கெட்ட குழாய் பேசும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஆரஞ்சாக ஒரு பட்டை விழுந்தால் கரி. உள்ளே வேலை நடந்தால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வேலை நின்ற இடத்தில் சூடு குழாய்ச் சுவரிலேயே தங்கிவிடும். திட்டுத் திட்டாக விழுந்தால் அதற்கு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து என்று பெயர். கோடு கோடாக விழுந்தால் புலிவால். இந்தப் பெயர்கள் உலகம் முழுக்க ரீஃபார்மர் ஆட்களிடம் புழங்குகின்றன.

எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த சீனியர் ஆபரேட்டர் எட்டாம் வகுப்பு. "தம்பி, மூணாவது வரிசையில வலப்பக்கம் அஞ்சாவது குழாய். நேத்து ராத்திரிக்கு இப்ப கொஞ்சம் வெளுத்திருக்கு பாரு" என்பார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். பைரோமீட்டரை வைத்தால் பதினைந்து டிகிரி கூடுதல் காட்டும். குழாய்ச் சுவர் இருபது டிகிரி கூடுதலாக ஓடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அதனால் அவர் கண்ணுக்கு ஒரு விலை இருந்தது. சம்பளத்தில் அது ஏறவில்லை.

"அண்ணே, ஸ்டீம் விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பேன். நாப்தாவை நிறுத்தி வெறும் நீராவியை விட்டால் பிடித்த கரி எரிந்து வாயுவாகப் போகும். முழுக்கப் போகாது. சில வகைக் கரி, வளையத்தையே உடைத்த பிறகுதான் போகும். ஏன் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் டெர்ரி பேக்கரும் அவர் கூட்டாளிகளும் 1972இலேயே அதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வாயுவை விட்டு, அசெட்டிலீனில் நிக்கல் துகள்கள் என்ன செய்கின்றன என்று படம் பிடித்தார்கள். கரி நிக்கலின் மேல் போர்வை மாதிரி படியவில்லை. நிக்கல் துகளின் அடியில் கரி இழையாக வளர்ந்து, துகளைத் தன் தலையில் சுமந்துகொண்டு எழும்பியது. நிக்கல் சாகவில்லை, இடத்தைவிட்டுப் பெயர்ந்தது. அப்படிக் கோடிக்கணக்கான இழைகள் வளையத்தின் நுண்துளைகளுக்குள் முண்டும்போது வளையம் வெடிக்காமல் என்ன செய்யும்? ஸ்டீம் விட்டு இழையை எரித்தாலும் உடைந்த வளையம் ஒட்டாதுதானே.

டென்மார்க்கில் டாப்சோ நிறுவனத்தின் யென்ஸ் ரோஸ்ட்ரப்-நீல்சன் இதை இன்னொரு கோணத்தில் பிடித்தார். கரி இழை முளைக்க நிக்கல் அணுக்கள் பெரிய கூட்டமாக ஒரே இடத்தில் வேண்டும்; மீத்தேனை நீராவியோடு சேர்க்கச் சிறிய கூட்டம் போதும். ஆகவே நிக்கலின் மேற்பரப்பில் பெரும்பகுதியை வேறு ஏதாவது கொண்டு மறைத்துவிட்டால் கரி நிற்கும், வேலை மெதுவாக நடக்கும். மறைக்க அவர் எடுத்தது கந்தகம்! என் வேலைக்காலம் முழுக்க நாப்தாவிலிருந்து கந்தகத்தைப் பிடுங்கவே பாடுபட்டோம். கோபால்ட்-மாலிப்டினம் ஒரு கலம், துத்தநாக ஆக்சைடு ஒரு கலம். பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கு மேல் தப்பினால் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வரும். நிக்கலுக்கு நஞ்சு என்று நாங்கள் துரத்திய அதையே அவர் வேண்டுமென்றே வாயுவில் கலந்துவிட்டார். மேற்பரப்பில் எழுபது சதவீதம் வரை கந்தகம் மூடினால் கரி நின்றது. 1980களில் அது டெக்சாஸில் தொழிற்சாலை அளவிலேயே ஓடியது. அந்தக் கட்டுரையை நான் படித்தபோது எங்கள் கந்தக வாட்ச் டியூட்டியை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எங்கள் ஆலையில் அது செல்லாது. ரீஃபார்மரிலிருந்து தப்பும் கந்தகம் பின்னால் ஒரு கலத்தில் இருக்கும் தாமிர வினையூக்கியைக் கொன்றுவிடும்.

1998இல் அதே டென்மார்க்கில் தங்கம். குறைந்த சூட்டில் தங்கமும் நிக்கலும் உள்ளே கலப்பதில்லை. மேல்தோலில் மட்டும் தங்க அணுக்கள் நிக்கலுக்கு நடுவே போய் அமரும். பக்கத்து நிக்கலில் கரி ஒட்டுவதைக் கெடுக்கும். கணக்குப் போட்டு முதலில் சொன்னார்கள், பிறகு செய்து பார்த்தார்கள். அதுதான் அதில் புதிது. எந்த ஆலைக் குழாயிலும் அதை நான் பார்த்ததில்லை.

இப்போது மணலியில் நாப்தா இல்லை. எண்ணூர் துறைமுகத்துக்குத் திரவ வாயு வந்தபின் 2019இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டது; 2021இல் ஸ்பிக்கும். மீத்தேனுக்குப் பொட்டாஷ் கொஞ்சம் போதும், சில இடங்களில் தேவையே இல்லை. கரியோடு மல்லுக்கட்டிய எங்கள் வித்தையில் பாதிக்கு இனி வேலை இல்லை.

மல்லுக்கட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போய்விட்டது. நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடை மீத்தேனோடு சேர்த்துத் தொகுப்பு வாயு ஆக்குவது. பழைய யோசனைதான், 1928இல் ஃபிஷரும் டிராப்ஷும் ஜெர்மனியில் நிக்கலையும் கோபால்டையும் வைத்துச் செய்து பார்த்தது. கரியைத் தின்ன நீராவி இல்லாததால் இதில் நிக்கல் மோசமாக அடைத்துக்கொள்ளும். 1995 வாக்கில் பஃபலோவில் எலி ருக்கன்ஸ்டைனும் யுன் ஹாங் ஹூவும் நிக்கல் ஆக்சைடை மக்னீசியாவுக்குள் கரைத்துக் கலந்தால், வெளியே வரும் நிக்கல் மிகச் சிறு துகளாகவே நிற்கும், கரி குறையும் என்று காட்டினார்கள். 2020இல் கொரியாவிலிருந்து நிக்கல்-மாலிப்டினத்தை மக்னீசியா படிகத்தில் வைத்து 850 மணி நேரம் கரியில்லாமல் ஓட்டிய செய்தி வந்தது. பெரிய சாதனை. எங்கள் கணக்கில் அது முப்பத்தைந்து நாள்.

என் தம்பி மகள் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறாள், நிக்கல்-மக்னீசியாவில். போன தீபாவளிக்கு வந்தபோது வரைபடத்தைக் காட்டினாள். நூறு மணி நேரம் கோடு நேராக ஓடியிருந்தது.

"அதுக்கு அப்புறம்?" என்றேன்.

"சிலிண்டர் தீர்ந்துடுச்சு பெரியப்பா."

"கந்தகம் எவ்வளவு இருந்தது?"

"எங்க மீத்தேன் 99.99 சதவீதம் சுத்தம். கந்தகமே கிடையாது."

"ஊர்ல யாரும்மா அப்படி மீத்தேன் தருவான்? கொஞ்சம் கலந்து ஓட்டிப் பாரு. ரோஸ்ட்ரப்-நீல்சன் சொன்ன அளவுக்கு வேண்டாம், தப்பி வர்ற அளவுக்கு."

அவள் சரி என்றாள். ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிண்டருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். பாதுகாப்புக் குழு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.